கணக்கு மந்திரமல்ல!

சில ஊர்கள் கோயிலால் பெயர் பெறும்; சில ஊர்கள் கடைத்தெருவால் பெயர் பெறும். பாஞ்சாலங்குறிச்சி ஒரு கேள்வியால் பெயர் பெற்ற ஊர். வரியை உனக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. கேட்டவன் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்டான். கேள்வி மட்டும் சாகவில்லை. இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

1974-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காண நாள்தோறும் மக்கள் வருகிறார்கள். வருகிற சிறுவர்கள் மார்பை நிமிர்த்தி, இல்லாத மீசையை முறுக்கி, 1959-இல் வந்த திரைப்படத்தின் வசனத்தை முழங்குகிறார்கள். தாய்மார் மகிழ்கிறார்கள், தந்தைமார் படம் பிடிக்கிறார்கள். முழங்கி முடித்த சிறுவன் கோட்டை வாசலிலே ஒரு குளிர்பானம் வாங்கிக் குடிக்கிறான். அதற்குள்ளே ஒரு வரி இருக்கிறது. அதை அவன் கட்டிவிட்டான். எங்கே போயிற்று அந்தப் பணம் என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய தந்தையும் கேட்கவில்லை. முதற் கேள்வியை மனப்பாடமாக வைத்திருக்கிற நாடு, இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டது. ஏன் கொடுக்க வேண்டும் என்பது அடிமை நாட்டில் வீரனின் கேள்வி. கொடுத்தது என்ன ஆயிற்று என்பது உரிமை நாட்டில் குடிமகனின் கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது இக்கட்டுரை.

வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். ஆர்க்காட்டு நவாபுடன் 1792-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாயிலாக, பாளையக்காரரிடம் நேரே திறை தண்டும் உரிமையைக் கும்பினி பெற்றது. பாக்கி என்றது, ஓலை அனுப்பியது, கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் சாக்சனோடு நடந்த சந்திப்பு கைகலப்பிலே முடிந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் பானர்மன் படையோடு வந்தான். அக்டோபர் 16-இல் கயத்தாற்றிலே கயிறு காத்திருந்தது. வாங்கிய திறையைக் கொண்டு இந்தச் சீமைக்குக் கும்பினி என்ன செய்தது? அதற்குக் கணக்குக் காட்டும் கடமை அதற்கில்லை. இலண்டனில் இருந்த பங்குதாரருக்குக் கணக்கு உண்டு. ஓட்டப்பிடாரத்து உழவனுக்குக் கணக்கு இல்லை.

பகுத்தறிவாளன் பாதி உண்மையோடு நின்றுவிடக் கூடாது. மறு பாதியையும் சொல்லிவிடுகிறேன். கும்பினியை எதிர்த்த பாளையக்காரரும் குடிகளிடம் வரி வாங்கியவர்களே. மன்னராட்சியில் வாங்கும் உரிமை அரண்மனைக்கு, வழங்கும் கடமை குடிசைக்கு. கணக்குக் கேட்கும் உரிமையோ எவருக்கும் இல்லை. வீரத்தை வணங்கலாம், அந்த ஏற்பாட்டை வணங்க வேண்டியதில்லை.

இன்று அந்த ஏற்பாடு இல்லை. மாநில அரசின் ஆண்டு நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டே தீர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவு. மானியக் கோரிக்கைகளைச் சட்டமன்றம் வாக்களித்து ஏற்க வேண்டும் என்கிறது 203. நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறாமல் அரசின் தொகுநிதியிலிருந்து பணம் எடுக்கலாகாது என்கிறது 204. இவை வறட்டு எழுத்துக்களல்ல, தோழர்களே! அரசர்களிடமிருந்து சாவிக்கொத்தைப் பறிக்க உலகம் பல நூற்றாண்டுகள் போராடியதன் சுருக்கம்.

சாவி யார் கையில் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நம் இயக்கத்தின் முன்னோர் நன்கறிவார்கள். 1920-இல் நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்று சென்னை மாகாணத்தில் அமைச்சரவை அமைத்தது. கல்வி வந்தது, நலவாழ்வு வந்தது, உள்ளாட்சி வந்தது. நிதி வரவில்லை! இரட்டையாட்சி முறையில் நிதி, ஒதுக்கப்பட்ட துறை. அது கவர்னருடைய நிர்வாக சபையினரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் பொறுப்பு பனகல் அரசர் போன்றோருக்கு. பணப்பெட்டியைத் திறக்கும் உரிமை மற்றவர்க்கு. அடுப்பை ஒருவரிடமும் அரிசியை வேறொருவரிடமும் கொடுத்துவிட்டு, ஏன் சோறு வேகவில்லை என்று கேட்பது போன்ற ஏற்பாடு அது.

சோறு என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. வரவு செலவுத் திட்டம் என்றால் கணக்கப்பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுங்கும் இளைஞர்கள் இதை ஊன்றிக் கேட்க வேண்டும். 1920-ஆம் ஆண்டு, சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி. தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு. பசித்த பிள்ளைகள் உண்டார்கள்; பள்ளிக்கு வருவோர் தொகை பெருகியது. 1925 ஏப்ரல் முதல் நாள் அந்த உணவுக்குத் தடை நேர்ந்தது. நாட்டிலே அரிசி விளையவில்லையா? விளைந்தது. பிள்ளைகளுக்குப் பசி நீங்கிவிட்டதா? நீங்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுச் செலவை எழுதக் கூடாது என்று அரசு மறுத்தது, அவ்வளவே! ஓர் ஏட்டிலே ஒரு தலைப்பு இடம் தரவில்லை. ஒரு தட்டிலே சோறு விழவில்லை. பின்னர் அந்த ஆண்டிலேயே குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள் என்பது ஆறுதல். கணக்குத் தலைப்பு என்பது மையால் எழுதப்படுவதுதான். ஆனால் அதன் விளைவு வயிற்றிலே தெரிகிறது.

அந்தச் சோற்றின் கதை அங்கே நிற்கவில்லை. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது இன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள எட்டயபுரத்தில்தான். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, அந்தச் செலவுக்கு மட்டும் எவரும் கை வைக்கத் துணியவில்லை. ஏன்? அந்த ஒரு செலவை மக்கள் கண்ணால் பார்க்கிறார்கள். எத்தனை முட்டை வர வேண்டும், எத்தனை வந்தது என்பதை ஏழு வயதுப் பிள்ளை எண்ணிச் சொல்லுகிறது. மக்கள் கண்ணுக்குத் தெரிகிற கணக்கை எந்த அரசாலும் எளிதிலே குறைக்க முடியாது. இதுவே நான் சொல்ல வந்ததன் சாரம்.

அப்படியானால் மற்றக் கணக்குகள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

புரோகிதரை அழைத்து மணவினை நடத்தும் வீட்டைப் பாருங்கள். மந்திரம் ஓதப்படுகிறது. மணமகனுக்குப் பொருள் தெரியாது, மணமகளுக்குத் தெரியாது, தாலி எடுத்துக் கொடுப்பவருக்கும் தெரியாது. எல்லோரும் தலையசைக்கிறார்கள். புரியாததே புனிதம் என்று நம்ப வைக்கப்பட்டவர்கள் நாம். அதைக் கேள்வி கேட்டுத்தான் சுயமரியாதைத் திருமணம் பிறந்தது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் சட்டமும் ஆயிற்று. மணமேடையிலே நாம் துரத்திய மந்திரம், நிதிநிலை அறிக்கையாக வேறு வாயிலால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை, மூலதனக் கணக்கு, துணை மானியக் கோரிக்கை என்று ஓதப்படுகிறது. கேட்பவர் தலையசைக்கிறார். ஒரு குறளோடு உரை தொடங்கும், கைத்தட்டல் எழும். பொருள் சேர்ப்பதோடும் காப்பதோடும் நில்லாமல், அதைப் பங்கிட்டுச் செலவிடுவதையும் ஆளுவோரின் திறமாக எண்ணியவர் வள்ளுவர். அவருடைய சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டால் அதுவும் மந்திரந்தானே!

டில்லியிலே இன்னும் வேடிக்கை. நிதிநிலை அறிக்கையின் இறுதிப் பணி தொடங்குமுன் நிதியமைச்சகத்தில் பெரிய வாணலியிலே அல்வா கிண்டுவது அவர்களுடைய வழக்கம். அமைச்சரே கரண்டி பிடித்துப் பரிமாறுவார். எங்கள் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அல்வா புதிதல்ல. 'அல்வா கொடுப்பது' என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பொருளும் உண்டு! கிண்டியபின், பணியிலுள்ள அலுவலர்கள் உரை வெளியாகும் வரை வெளியுலகத் தொடர்பின்றி உள்ளேயே இருப்பார்கள். 1998 வரை மாலை 5 மணிக்குத்தான் அந்த உரை. வெள்ளையன் காலத்துப் பழக்கத்தைக் கைவிட, விடுதலைக்குப் பின் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. உரையும் ஏடுகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழனுடைய வரிக்குத் தமிழ் தடையில்லை. கணக்குக்கு மட்டும் தடை.

இரகசியம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஓரளவு. 1947 நவம்பரில் பிரிட்டனின் நிதியமைச்சர் ஹியூ டால்ட்டன், மன்றத்துக்குள் நுழையும்போது ஒரு செய்தியாளரிடம் வரி மாற்றங்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டார், உரை முடியுமுன் மாலையிதழில் வந்துவிட்டது, பதவி விலகினார். அதே நவம்பர் 26-இல்தான் கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியார் விடுதலை இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையைப் படித்தார். நாளை எந்தப் பண்டத்துக்கு வரி ஏறும் என்பது முன்கூட்டித் தெரிந்தால் பதுக்கல்காரன் பயனடைவான். அங்கே இரகசியம் நியாயம். எந்த ஊருக்குப் பள்ளிக் கட்டடம், எந்தக் குளத்துக்குத் தூர்வாரல் என்பதில் என்ன இரகசியம்? பதுக்க முடியாத செய்தியைப் பதுக்குவானேன்? வரிக்குரிய பூட்டைச் செலவுக்கும் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

வகுப்பிலே ஒரு நாள் பொருளியல் பாடம். அரசின் நிதிநிலை ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கரும்பலகையில் எழுதினேன். நான்கு பத்திகள். ஈராண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு. நடப்பாண்டுக்குப் போட்ட மதிப்பீடு. அதன் திருத்திய மதிப்பீடு. வரும் ஆண்டின் மதிப்பீடு. இதில் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று கேட்டேன். "கடைசிப் பத்திதான், ஐயா" என்றார்கள். உண்மையிலே செலவான தொகை எந்தப் பத்தியில்? "முதற் பத்தியில்." அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பரீட்சை எழுதுமுன் நான் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை எழுதி வீட்டிலே காட்டினால், அப்பா மிட்டாய் வாங்கித் தருவாரா?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்போடு சிந்தனையும் வந்தது. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்லுவதை அவன் ஒரு வரியிலே சொல்லிவிட்டான். நாம் ஆண்டுதோறும் எதிர்பார்ப்புக்கு மிட்டாய் வழங்கிக்கொண்டிருக்கிறோம். விடைத்தாள் திருத்தி வரும்போது வகுப்பே கலைந்துவிடுகிறது. கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும் நாளில் எந்தத் தெருவில் பட்டாசு வெடிக்கிறது? எந்தத் திண்ணையில் அதைப் பற்றிப் பேச்சு?

மறைத்து வைப்பது ஒரு வகை. பிரித்து வைப்பது இன்னொரு வகை. மதுவினால் அரசுக்கு எவ்வளவு வருகிறது என்று அறிய விரும்புகிறவர் ஆயத்தீர்வைத் தலைப்பைப் பார்ப்பார். 2023-24-இல் அங்கே ஏறத்தாழ 10,774 கோடி ரூபாய். இவ்வளவுதானா என்று ஏட்டை மூடிவிடுவார். மதுவின் மேல் விழும் மதிப்புக் கூட்டு வரி வணிகவரித் தலைப்பில் இருக்கிறது; அது ஏறத்தாழ 35,081 கோடி. இரண்டையும் கூட்டினால் 45,855 கோடிக்கு மேல். இதில் பொய் எதுவுமில்லை, விதிப்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தேடிப் படித்தால் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் மதுவைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய மக்களுக்கு, அதனால் வருவது இவ்வளவு, அதனால் இழப்பது இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் காட்டுவதல்லவா நேர்மை? உண்மையை இரண்டாகக் கிழித்து இரண்டு அறைகளில் வைத்தால், எந்த அறையிலும் பொய் இருக்காது; உண்மையும் இருக்காது.

சேர்த்து எழுதி மயக்குவதும் உண்டு. இது நம் இயக்கத்தின் உயிர்நிலையைத் தொடுகிற செய்தி. தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 20 பேர் ஆதிதிராவிடர் என்கிறது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. மக்கள்தொகைப் பங்குக்கேற்பத் திட்டப் பணத்திலும் பங்கு ஒதுக்க வேண்டும் என்பதே துணைத் திட்டத்தின் கொள்கை. கொள்கை நல்லது. நடைமுறையில் நெடுங்காலமாக எழுந்துவரும் குற்றச்சாட்டு என்ன? எல்லோருக்குமான பொதுத் திட்டத்தின் செலவிலே ஒரு பகுதியை இந்தத் தலைப்பின் கீழ்க் காட்டிப் பங்கை நிரப்பிவிடுகிறார்கள் என்பது. ஊர் நடுவே போகும் சாலையிலே சேரிக்காரரும் நடப்பார் அல்லவா, ஆகவே சாலைச் செலவில் ஐந்திலொரு பங்கு அவர் கணக்கில் என்பது போன்ற கணக்கு! ஏட்டிலே சமத்துவம் வந்துவிட்டது. சேரியிலே சாக்கடை அப்படியே இருக்கிறது. இதற்கொரு வேலி வேண்டும் என்று ஆந்திரமும் கருநாடகமும் 2013-இல் சட்டம் செய்தன. தமிழ்நாடு 2024-இல் செய்தது. சட்டம் வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் வேலி பயிரைக் காக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே! தீண்டாமை தேநீர்க் குவளையிலே இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, போராடுகிறோம். கணக்குப் பத்தியிலே இருந்தால் தெரிவதில்லை; கடந்து போகிறோம்.

நல்ல முயற்சிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டு 9-இல் அரசின் நிதிநிலை பற்றி ஒரு வெள்ளையறிக்கை வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று அது சொன்னது. இலட்சம் கோடி என்றால் கொட்டாவி விட்ட மக்கள், தம் வீட்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எண்ணை மனிதனுக்கு அருகிலே கொண்டு வந்தால் மனிதன் எண்ணைப் பார்ப்பான் என்பதற்கு அது சான்று. ஆயினும் அது ஒரு கண்ணால் பார்த்த பார்வை. கடனைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டவர்கள், அந்தக் கடனால் எழுந்த அணையை, பள்ளியை, மருத்துவமனையை, மின்கம்பத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் காட்டவில்லை. வீடு கட்டக் கடன் வாங்கியவனும் சீட்டாடக் கடன் வாங்கியவனும் ஒன்றல்ல. எவ்வளவு கடன் என்பதோடு எதற்குக் கடன் என்பதும் சேர்ந்தால்தான் அறிவு; எண் மட்டும் தனித்து வந்தால் அச்சம்.

அதே ஆகஸ்டில் தாளில்லா நிதிநிலை அறிக்கையும், வேளாண்மைக்கெனத் தனி அறிக்கையும் முதன்முறையாக வந்தன. 2025 மார்ச்சு 14-இல் வந்த அறிக்கையின் முகப்புச் சின்னத்திலே 'ரூ' என்னும் தமிழெழுத்து இடம் பெற்றது. வடக்கே சிலர் கொதித்தார்கள், நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. எழுத்து தமிழாகிவிட்டது, இனி எண்ணும் தமிழாக வேண்டும். அந்த அறிக்கையில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெருமைக்குரிய தொகை. அதிலே ஊதியம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு, ஆய்வுக்கூடம் எவ்வளவு. என் பள்ளியின் சுவருக்கு, என் மாணவனின் மேசைக்கு அதிலே எத்தனை ரூபாய்? ஆசிரியனாகிய எனக்கே அது எளிதிலே கிடைப்பதில்லை. பெற்றோர் எங்கே போய்க் கேட்பார்கள்?

கேட்கிற இடம் ஒன்றிருக்கிறது, கிராம சபை. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். வரவு செலவை அங்கே மக்கள் முன் வைக்க வேண்டும். இப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வேப்பமரத்து நிழலில் கணக்கு வாசிக்கப்பட்டது. இரயில் வண்டி நிற்காத நிலையத்தைக் கடக்கும் வேகம்! முடிந்ததும், உப்பளத்திலே உழைத்து முதுகு வளைந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார்.

"தம்பி, நீ வாசிச்சது காதுல விழுந்தது. எங்க தெருக் குழாய்க்கு என்ன செலவாச்சு? அதை மட்டும் சொல்லு."

வாசித்தவர் ஏட்டைப் புரட்டினார். "ஆச்சி, இதுல தலைப்பு வாரியாத்தான் இருக்கு. தெரு வாரியா இல்லை."

"நாங்க தலைப்புலயா குடியிருக்கோம்?"

கூட்டம் சிரித்தது, வாசித்தவரும் சிரித்தார். அவர்மேல் குற்றமில்லை; அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவம் அப்படி. ஆனால் அந்த மூதாட்டி கேட்டாரே, அதைவிடச் சிறந்த நிதிச் சீர்திருத்தக் கோரிக்கையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. மக்கள் தெருவிலே வாழ்கிறார்கள். அரசு தலைப்பிலே எழுதுகிறது. தலைப்பு அரசுக்குத் தேவை, இருக்கட்டும். தெருக் கணக்கும் அதனோடு வர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பதற்கு உரிமையுள்ள அந்தச் சபைக்கே அவ்வப்போது சோதனை வருகிறது. தூத்துக்குடி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத ஊரில், அந்த ஊரின் திட்டத்தைத் தீட்டியது யார்? யாரைக் கேட்டு? 'நிதி' ஒதுக்கப்பட்ட துறையாக இருந்த காலம் 1937-உடன் ஒழிந்தது என்று எண்ணினோமே!

பாமர மக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே புரியும் என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. வேதம் உனக்குப் புரியாது என்று சொன்ன அதே குரல்! எங்கள் ஊர்களிலே மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பெண்கள் சேமிப்பையும் கடனையும் வட்டியையும் காசு பிசகாமல் எழுதுகிறார்கள். 2024-25-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் திட்டத்தில் கையெழுத்திட மறுத்ததே காரணம். அந்த 2,152 தேநீர்க் கடைதோறும் பேசப்பட்டது. ஒதுக்கீடு எது, வந்தது எது, வராதது எது, ஏன் வரவில்லை என்பதெல்லாம் மக்களுக்கு விளங்கிற்று. எப்படி விளங்கிற்று? சொன்னார்கள், விளங்கிற்று. சொல்ல விரும்பியதை விளங்கச் சொல்லும் ஆற்றல் அரசியலுக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல விருப்பம் இருக்கிறதா என்பதே கேள்வி.

எங்கள் முத்துக் கடற்கரையிலே ஒரு பழைய முறை இருந்தது. மன்னார் வளைகுடாவின் பார்களிலே மூழ்கிக் குளியாட்கள் சிப்பி எடுத்து வருவார்கள். கரையிலே, எல்லோர் கண்முன்னும், சிப்பிகள் குவியல்களாகப் பிரிக்கப்படும். அரசின் பங்கு தனிக் குவியல். அது ஏலம் போகும். குளியாளின் பங்கு தனிக் குவியல். பங்கு நியாயமா என்பது வேறு வழக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்குச் சிறு குவியலே கிடைத்தது. ஆனால் அநியாயம்கூட அங்கே வெளிச்சத்திலே கிடந்தது. எந்தக் குவியல் பெரிது என்று எழுத்தறியாதவனும் சொல்லலாம். 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முறை போகட்டும், குவியலைக் கண்முன் வைக்கும் அந்த வெளிச்சம் போகலாமா?

உலகம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில், தொழிலாளர் கட்சி 1989-இல் ஆட்சிக்கு வந்தபின், நகர முதலீட்டுச் செலவின் முன்னுரிமையை வட்டாரம் வட்டாரமாக மக்கள் கூடி முடிவு செய்தார்கள். அண்டையிலுள்ள கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் நடத்தி, திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. இராசத்தானத்தின் கூலித் தொழிலாளர்கள் 1994 முதல் ஊர் நடுவே வருகைப் பட்டியலை உரக்கப் படித்தார்கள்; வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்த நெருப்பே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வடிவெடுத்தது. விலக்குகள் மலிந்த குறையோடாயினும், அத்தகைய சட்டத்தை 1997-லேயே இயற்றிய முன்னோடி தமிழ்நாடு என்பதை மறக்க வேண்டாம். முன்னே நடந்தவர்கள் நடுவழியிலே உட்காரலாமா?

நாம் கேட்பவை ஐந்து. ஒன்று, வரியை இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்; செலவின் முன்வரைவை மூன்று மாதம் முன்னதாக மக்கள் முன் வையுங்கள். அக்டோபர் கிராம சபைகளின் தேவைப் பட்டியல் அதிலே இடம் பெறட்டும். இரண்டு, சென்ற ஆண்டு அறிவித்தது, ஒதுக்கியது, செலவிட்டது, முடிந்தது என நான்கையும் ஒரே வரியில் காட்டும் பட்டியல் இல்லாமல் புதிய அறிவிப்பு எதுவும் படிக்கப்பட வேண்டாம். மூன்று, மாவட்டத்துக்கொரு சிறு தமிழ் ஏடு. ஒவ்வொரு பள்ளியிலும், நூலகத்திலும், நியாயவிலைக் கடையிலும் அது தொங்கட்டும். நான்கு, மது வருவாய், ஆதிதிராவிடர் பங்கு போல் பல தலைப்புகளில் சிதறிக் கிடப்பவை ஒரே பக்கத்தில் தொகுக்கப்படட்டும். ஐந்து, ஊராட்சியின் கணக்கு தெரு வாரியாகச் சுவரிலே எழுதப்படட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, பெருமனம் போதும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. நம் இயக்கத்தை வளர்த்தவை படிப்பகங்களும் மன்றங்களும். முடிதிருத்தும் கடையிலும் மிதிவண்டிக் கடையிலும் ஒருவர் இதழைப் படிக்க, பத்துப்பேர் கேட்டு அறிவு பெற்றார்கள். அந்தப் பழக்கத்தை மீண்டும் எடுப்போம். நிதிநிலை அறிக்கை வருகிற வாரம் ஒவ்வொரு படிப்பகத்திலும் முதற் பத்தியைப் படிப்போம், கடைசிப் பத்தியை அல்ல. தணிக்கை அறிக்கை வருகிற நாளில் கூட்டம் போடுவோம். நம் கட்சி ஆண்டாலும் படிப்போம், எதிர்க்கட்சி ஆண்டாலும் படிப்போம். நம்மவர் கணக்கைக் கேட்கத் தயங்குகிறவனுக்கு மாற்றார் கணக்கைக் கேட்கும் தகுதி இல்லை. கடவுளையே கேள்வி கேட்கக் கற்ற நாம், கணக்கைக் கேள்வி கேட்கக் கூசலாமா?

நான் வரி கட்டுவதில்லை, எனக்கேன் என்று எந்த இளைஞனும் சொல்ல வேண்டாம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான். சோப்பு வாங்கும் தாயும் கட்டுகிறாள். கட்டுகிறவன் மட்டுமல்ல, தோழனே, நீ அந்தப் பெட்டியின் உடைமையாளனும்கூட. கும்பினியின் முன் நின்றவன் வாளோடு கேட்டான். உனக்கு வாள் வேண்டாம். ஒரு பென்சில் போதும். உன் ஊரின் கணக்கைக் கையில் எடு. புரியாத வரியின் கீழ்க் கோடு போடு. எழுந்து நின்று கேள்!